பினாங்கில் மண்ணும் காடும் படிக்க ஆசையா? ஒரு பாட்டில் மண்ணிலிருந்து பட்டப்படிப்பு வரை

"அக்கா, நிலப் பராமரிப்பு, காட்டுப் பாதுகாப்பு எல்லாம் படிக்கணும். எந்த கோர்ஸ் எடுக்கலாம்?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் உண்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர்கள் உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். கோர்ஸை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் வீட்டு மண்ணை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இது அனுபவத்தில் வந்த பதில். நான் தொடங்கியது தலைகீழாக. ஹோட்டல் மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு அறுநூறு வெள்ளி கட்டினேன். நல்ல சாப்பாடு, குளிர்சாதனம், திரையில் நூற்றுக்கும் மேல் படங்கள். இரண்டு நாளில் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் கையில் எடுக்கவில்லை. சான்றிதழ் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் கற்றதில் பெரும்பகுதிக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு ஜோடி ரப்பர் காலணியும்தான் செலவு.

கீழே இருப்பது அந்த வழி. வரிசை முக்கியம். படிகளைத் தாண்டிக் குதிக்கலாம், ஆனால் மண்ணைத் தொடாமல் பட்டத்துக்குப் போனவர்கள் திரும்ப வந்து முதல் படியில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: ஒரு பாட்டில், இரண்டு மண்

மூடியோடு கூடிய நேரான கண்ணாடிப் பாட்டில் இரண்டு எடுங்கள், ஊறுகாய்ப் பாட்டில் போதும். ஒரு இடத்தில் மரத்தடி மண், இன்னொரு இடத்தில் வெயிலில் காய்ந்து கிடக்கும் வெற்று மண். சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் தோண்டி எடுங்கள். கல், வேர் எல்லாம் நீக்கி, கட்டிகளை நொறுக்கிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். மேலே தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மூடி, கை வலிக்கும் வரை குலுக்குங்கள். பிறகு அசையாத இடத்தில் வையுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல், அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதன்மேல் இன்னொரு அடுக்கு தெரியும், அது வண்டல். களிமண் இறங்க ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கூட ஆகும். மூன்று கோடுகளுக்கு இடையே உள்ள உயரத்தை அளந்தால் உங்கள் மண்ணின் கலவை கிடைத்துவிடும். பினாங்குத் தீவின் குன்றுகள் கருங்கல் பாறை சிதைந்து உருவானவை, ஆகவே தீவுக்காரர்களின் பாட்டிலில் பருமணல் அடுக்கு தடிமனாக இருந்தால் ஆச்சரியம் இல்லை. எங்கள் நிபோங் திபால் பக்கம், கடலோரச் சமவெளியில், களிமண் மிகுதி. தண்ணீர் மூன்றாம் நாளும் கலங்கலாகவே நிற்கும்.

அடுத்தது இதைவிட எளிது. அதே இரண்டு இடங்களிலிருந்தும் கொட்டைப்பாக்கு அளவில் ஒவ்வொரு காய்ந்த மண்கட்டி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் மெதுவாக விடுங்கள். வெற்று மண் பெரும்பாலும் சில நிமிடத்தில் கரைந்து கூழாகிவிடும். மரத்தடி மண் கட்டியாகவே நிற்கும். மட்கிய சருகும் பூஞ்சை இழைகளும் வேர்களும் அதைப் பிணைத்து வைத்திருக்கின்றன. மழையில் எந்த மண் சாக்கடைக்குப் போகும், எது நிலத்தில் நிற்கும் என்பதை அந்தக் கிண்ணமே காட்டிவிடும். மண் அரிப்பு பற்றி நான் வாசித்த எந்தப் பக்கமும் இந்தக் கிண்ணம் அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

இந்தப் படியில் இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறோம். வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் அவரிடம் உட்காருங்கள். செபராங் பிறை நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு பார்த்தது, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. அந்த மூன்றிலும் நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் இளமரங்களுக்கு நடுவே அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிட்ட கதையைச் சொல்வார். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடித்து, மண்ணையும் மூடும் கொடி அது. பாடப் புத்தகங்கள் 'மூடுபயிர்' என்று பத்துப் பக்கம் எழுதும் விஷயம். சரிவில் மண் தங்க வரிசைக்கு நடுவே தோண்டிய குழியை அவர் 'பிட்' என்றுதான் சொல்வார். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். "மழை பெஞ்சா மண்ணு ஆத்துக்குப் போயிடும், தொரை சம்பளத்துல கை வெப்பாரு" என்றார். அவருக்குத் தெரிந்த விளக்கம் அது. அறிவியலும் முதல் பாதியைத்தான் சொல்கிறது.

இரண்டாம் படி: சரிவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பினாங்கில் இருந்துகொண்டு சரிவைப் படிக்காமல் நிலப் பராமரிப்பு பேச முடியாது. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸில் 9 பேர். இரண்டிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

பள்ளிக்கூடமாகத் தண்ணீர்மலையை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு ஏறுகிற அதே மலைச்சாரல்தான். கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அதன் வாசலுக்கு அருகே மூன் கேட் பாதை. வட்டமான பழைய வாசல், உள்ளே நுழைந்தால் ஏற்றம். நடக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். மரத்தின் அடிமரம் கீழே வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அங்கே மண் மெல்ல நகர்ந்திருக்கலாம். பாதையின் நடுவே வேர்கள் அந்தரத்தில் தெரிந்தால், கீழே இருந்த மண்ணைக் காலடிகளும் மழையும் கொண்டுபோய்விட்டன. சருகு எங்கே தடிமன், எங்கே இல்லை என்று பாருங்கள். கடைசியாக, மழைக்கு மறுநாள் அதே இடத்துக்குப் போய் ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். காட்டு ஓடை சீக்கிரம் தெளியும். மேலே மண் வெட்டிய ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஒரு கருவி செய்யுங்கள். ஆறடிக் கம்பு இரண்டு, குறுக்குக்கு ஒரு சின்னக் கம்பு, கயிறு, கனமான ஒரு இரும்பு நட்டு. இரண்டு கம்புகளின் தலையையும் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். கூரை முகடு மாதிரி நிற்கும். உச்சியிலிருந்து கயிற்றில் நட்டைத் தொங்கவிடுங்கள், அது குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே ஆட வேண்டும். தரையில் நிறுத்தி, இரண்டு கால் பட்ட இடத்தையும் குறியுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு கருவியைத் திருப்பி, இடது கால் இருந்த இடத்தில் வலது காலை வைத்து மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடு எதுவோ அதுதான் சமமட்டம்.

இப்போது சரிவில் இறங்குங்கள். ஒரு காலை ஊன்றி, மற்றதை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டில் நிற்கும்போது அங்கே ஒரு குச்சி நடுங்கள். அதே இடத்தை ஊன்றுகாலாக்கி அடுத்த குச்சி. இருபது குச்சி நட்டபின் திரும்பிப் பார்த்தால் மலையை வளைத்துக்கொண்டு ஒரு கோடு போகும். அதுதான் சமமட்டக் கோடு. அந்தக் கோட்டில் வெட்டிவேர் நாற்றை நான்கு விரல் இடைவெளியில் நட்டால் மண்ணைத் தடுக்கும் வேலி தயார். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்குப் போகும், நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரை. பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அனுமதி கேட்டு ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். முதல் நாள் என் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. காற்றில் நட்டு ஆடிக்கொண்டே இருந்ததுதான் காரணம். காலையில், காற்று எழும்புவதற்கு முன் செய்யுங்கள்.

சட்டத்திலும் இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும். பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேலுள்ள நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலைநிலமாகக் கருதி மேம்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 25 பாகை என்பது பத்து மீட்டர் போவதற்குள் நான்கரை மீட்டருக்கும் மேல் ஏறும் சரிவு. கைத்தொலைபேசியில் சாய்மானம் காட்டும் செயலி இருக்கிறது. உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குன்றில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தெரிந்தவர்களோடு நடங்கள்

தனியாக நடந்து கற்பதற்கு ஒரு எல்லை உண்டு. அடுத்து வேண்டியது, கூட நடந்து "அதோ பார்" என்று கை காட்டுபவர்கள்.

தமிழில் கற்க விரும்பினால் முதலில் போக வேண்டிய இடம் மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கம். இயற்கை உரம், மீன் அமிலம், பஞ்சகவ்யம், வீட்டுத்தோட்டம் என்று அவர்கள் தமிழ்ப்பள்ளிகளிலும் பொதுமக்களுக்கும் செய்துகாட்டிச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அலுவலக வளாகத்திலேயே காய்கறித் தோட்டம் உண்டு. அந்தச் சங்கத்தையும் அதன் தோழமை இயக்கமான சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்தவர், 2019-இல் காலமானார். சரவாக்கில் காட்டைக் காக்கப் பூர்வகுடிகளோடு நின்றதற்காகச் சஹாபாட் ஆலாமுக்கு 1988-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. இதையெல்லாம் நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கே முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

பறவை, மரம், பூச்சி என்று உயிரினம் பக்கம் ஆர்வமா? 1940-இல் தொடங்கிய மலேசியன் நேச்சர் சொசைட்டிக்குப் பினாங்குக் கிளை இருக்கிறது. அவர்களோடு காலைநடை போனால் முதல் ஒரு மணி நேரம் எதுவும் தெரியாது. மற்றவர்கள் இலைக்குள் பறவையைப் பார்ப்பார்கள், நமக்கு இலை மட்டும்தான். நான்காவது நடையில் கண் திறக்கும். இடைநிலைப்பள்ளி மாணவராக இருந்தால் பள்ளியில் இவர்களுடைய இயற்கைக் கழகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஓர் ஆசிரியரைப் பிடித்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

தெலுக் பஹாங் போக ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் பேருந்து. பேருந்து கடைசியில் நிற்கும் இடம் பினாங்கு தேசியப் பூங்கா. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்து 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. பந்தாய் கெராச்சுட் வரை நடந்தால் ஆமை முட்டைகளைக் காக்கும் நிலையம், கூடவே நன்னீரும் உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரி. மழையில்லாத மாதங்களில் ஏரி வற்றிக் கிடக்கும், ஏமாற்றம் வேண்டாம். அதே ஊரின் சாலையில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களால் குரங்குப் பாலம் கட்டினார்கள், கண்ணாடி போட்டது போன்ற முகமுடைய லங்கூர் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க. அதைச் செய்த லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு குழு சாதாரண மக்களைத் தொண்டர்களாகச் சேர்த்துக் குரங்குகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கப் பழக்குகிறது. களக்குறிப்பு எழுதப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பினாங்கு மலையும் சுற்றுப்புறமும், தேசியப் பூங்காவும் கடற்பகுதியும் சேர்த்து 12,481 ஹெக்டர், 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தாசிக் சினி, குரோக்கர் மலைத்தொடருக்குப் பிறகு நாட்டில் மூன்றாவது. உயிர்க்கோளக் காப்பகம் என்றால் பூட்டிவைத்த காடு கிடையாது. நடுவில் தொடாத பகுதி, சுற்றிலும் அளவாகப் பயன்படுத்தும் பகுதி, வெளியே மக்கள் பிழைக்கும் பகுதி என்ற மூன்று வளையம். வரைபடத்தில் அந்த வளையங்களைத் தேடிப் பார்த்துவிட்டு மலையேறினால் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும்.

நான்காம் படி: சேற்றில் இறங்குங்கள்

இது என் ஊர்ப்பக்கம், ஆகவே கொஞ்சம் நீட்டுவேன்.

நிபோங் திபாலுக்கு மேற்கே கடலோரத்தில், கரையோர மீனவர்களின் நலச்சங்கமான பிஃப்வா பல ஆண்டுகளாகச் சதுப்புக் கண்டல் மரம் நட்டு வருகிறது. மீன் குறைந்ததற்குக் கண்டல் அழிந்ததுதான் காரணம் என்று கண்டுகொண்ட மீனவர்கள். அவர்களோடு ஒரு காலை செலவழித்தால் போதும், மலாய் கொஞ்சம் பேச வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் போன முதல் நாள் ஒரு பாக்சிக் என் கையில் பாக்காவ் மரத்தின் நீளமான விதைநாற்றைக் கொடுத்தார். முருங்கைக்காய் மாதிரி, பச்சை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டுவிடும். கூரான முனை கீழே, மொட்டு மேலே. நான் தலைகீழாகக் குத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கித் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி அழுத்தினார். அடுத்ததற்கு அலை அடிக்கும் விளிம்பைக் காட்டி "அங்கே நடலாமா?" என்று கேட்டேன். "அங்கே அப்பி-அப்பி வரட்டும், அப்புறம் இது" என்றார். அப்பி-அப்பிதான் கடல்முகத்தில் முதலில் கால் ஊன்றும் மரம், சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும். அது மண்ணைப் பிடித்து மேடாக்கிய பிறகுதான் அதற்குப் பின்னால் பாக்காவுக்கு இடம். எங்கெங்கோ ஆயிரக்கணக்கில் நட்ட நாற்றுகள் செத்துப்போவதற்கு இந்த ஒரு வரியைக் கேட்காததும் காரணம். நடும் நாளில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஓராண்டு கழித்து எண்ணிப் பார்க்க வருவதில்லை. நீங்கள் போனால் எண்ணிப் பார்க்கவும் போங்கள்.

இதன் பெரிய அண்ணன் பேராக்கில் இருக்கிறது. நிபோங் திபாலிலிருந்து காரில் தெற்கே போனால் கோலா செப்பத்தாங், மாத்தாங் கண்டல் காடு. சுமார் 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கும் மேலாகத் திட்டம் போட்டு வெட்டுகிறார்கள், இன்னும் காடாகவே இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு பகுதியை வெட்டினால் அடுத்த வெட்டு 30 ஆண்டு கழித்து. நடுவில் 15-ஆம் ஆண்டிலும் 20-ஆம் ஆண்டிலும் கலைப்பு, அதாவது நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை எடுப்பது. கலைப்புக்கு ஒரு குச்சிதான் அளவு. முதல் கலைப்பில் 1.2 மீட்டர் குச்சி. நல்ல மரம் ஒன்றை நடுவாக வைத்துக் குச்சியைச் சுற்றினால் அதற்குள் வரும் மரங்களை எடுத்துவிடுவார்கள். இரண்டாம் கலைப்பில் குச்சி 1.8 மீட்டர். வெட்டிய மரம் கரிமூட்டத்துக்குப் போகிறது. கரிமூட்டத்தின் புகையில் நின்றுகொண்டு, பாதுகாப்பு என்றால் தொடாமல் வைப்பது என்ற என் எண்ணத்தை அங்கேதான் கைவிட்டேன். எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தாது, அதுவும் சரிதான்.

ஐந்தாம் படி: கோலாலம்பூருக்கு ஒரு பயணம்

பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம். முதலில் கெப்போங்கில் உள்ள ஃப்ரிம், அதாவது மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். அது நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறிப் பாத்தியும். 1920-களின் பிற்பகுதியில் நடத் தொடங்கினார்கள். இன்று உள்ளே போனால் யாரும் நட்ட காடு என்று நம்ப மாட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கபூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல், நடுவே ஓடைபோல வானம் தெரியும்.

நேரம் இருந்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் தோட்டம், 1974-இல் தொடங்கியது. ஒரு நாளில் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் கால் வலிக்கும்.

ஆறாம் படி: திரையில் கற்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இலவசம், நீங்களே துழாவலாம். பார்த்த செடி, பூச்சியைப் பதிவேற்ற ஐநேச்சுரலிஸ்ட், பறவைக்கு ஈபேர்ட். காடு எங்கே குறைந்தது என்று பார்க்க குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் பத்து மீட்டர் நுட்பத்தில், சில நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கிடைக்கும், மேகம் மறைக்காமல் இருந்தால். வரைபடம் செய்ய கியூஜிஐஎஸ். இந்த ஒன்றை மட்டும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இணையக் கல்விக்கூடத்தில் மண், காடு, நீர் பற்றிய பாடங்களைச் சான்றிதழோடு காசில்லாமல் படிக்கலாம்.

கூடவே மூன்று மொழிக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் பேச்சு இங்கே மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. சரிவுக்குச் செருன், மண் அரிப்புக்கு ஹாக்கிசான் என்று எழுதி, பக்கத்தில் நம் சொல்லையும் எழுதுங்கள். சருகு, மட்கு, வண்டல், வரப்பு, கண்டல் என்று நமக்குச் சொல் ஏராளம். பத்து பக்கம் நிரம்பும்போது கூட்டத்தில் வாய் திறக்கத் தைரியம் வரும்.

ஏழாம் படி: அரசாங்கக் காகிதத்தைப் படியுங்கள்

யாரும் சொல்லித்தராத பாடம் இது. மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே நிலத்தைக் காப்பதும் விற்பதும் பெரும்பாலும் மாநில அரசின் கையில். 1960-ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச்சட்டம், 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச்சட்டம் ஆகிய மூன்றின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒரு வகையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண், நீர், உயிரினம் பற்றிய அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். எத்தனை நாள் களத்தில் இருந்தார்கள், எந்த மாதம் போனார்கள், எத்தனை இடத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்று பாருங்கள். முதல் மூன்று படிகளைக் கடந்திருந்தால் உங்களுக்கே கேள்வி வரும். என் முதல் அறிக்கையை முடிக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் கற்ற சொற்களை வைத்துத்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

எட்டாம் படி: இப்போது சான்றிதழ், பட்டம்

படிவம் 5 முடித்தவர், கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால், கெப்பாலா பத்தாஸ் பக்கம் பும்போங் லீமாவில் வேளாண்மைத் துறை நடத்தும் வேளாண்மைக் கழகத்தை விசாரியுங்கள். பட்டப்படிப்புக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா வழியாகப் போகலாம். வனவியல் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம். 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது, பூச்சோங்கில் ஆயர் ஈத்தாம் காட்டைக் கல்விக்காகவே வைத்திருக்கிறது. நகரம் நெருக்கும் காடு அது, அதனாலேயே நல்ல பாடம். சபா பல்கலைக்கழகத்திலும் வனவியல் உண்டு. பினாங்கை விட்டுப் போக முடியாதவர்களுக்கு யு.எஸ்.எம்.-இல் உயிரியல். அவர்களுடைய கடல், கரையோர ஆய்வு மையம் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்கள் ஏபெல் என்ற வழியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பணி அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்குள் விடும் முறை. 21 வயதைத் தாண்டியவர் பட்டப்படிப்புக்கும், 30-ஐத் தாண்டியவர் முதுகலைக்கும் முயலலாம். இங்கேதான் முதல் ஏழு படிகளின் குறிப்பேடுகள் பயன்படும். அனுபவத்தைக் காட்டும் கோப்பு கேட்பார்கள். தேதி போட்ட களக்குறிப்பு, நட்டு எண்ணிய கணக்கு, நீங்கள் செய்த வரைபடம் எல்லாம் அதில் சேரும்.

தோட்டத்துறையில் இருப்பவர்களுக்கு வேறு பாதை. 1919-இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் சங்கமான ஐ.எஸ்.பி. தேர்வுகள் நடத்துகிறது, செம்பனை வாரியமும் பயிற்சி தருகிறது. செம்பனைக்கான எம்.எஸ்.பி.ஓ. நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம் என்பதால், ஆற்றோர நிலத்தை விட்டுவைப்பது, செங்குத்துச் சரிவில் நடாமல் இருப்பது, இதையெல்லாம் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். கிராணி வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள்.

பணம் கட்டும் முன்

எந்தப் பயிற்சியாக இருந்தாலும் தொலைபேசியில் கூப்பிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். மொத்த நேரத்தில் களத்தில் எத்தனை மணி நேரம்? சொல்லித் தருபவர் கடைசியாக எந்த நிலத்தில் வேலை செய்தார்? முடிவில் நான் செய்த ஏதாவது ஒன்று என் கையில் இருக்குமா? சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள்? முதல் கேள்விக்கே இழுத்தால் போனை வைத்துவிடலாம். வேலையிடத்தில் மனிதவள மேம்பாட்டு நிதிக்குப் பணம் கட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள், கட்டினால் சில பயிற்சிகளின் செலவை நிறுவனமே ஏற்க வழி உண்டு. அந்த அறுநூறு வெள்ளிக்கு இதை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைப் பைக்குள்: தண்ணீர், தொப்பி, உப்புப் பொட்டலம் (அட்டைப்பூச்சிக்கு), பென்சில், தடித்த அட்டைக் குறிப்பேடு. மழையில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். கண்டலுக்குப் போனால் கயிறு கட்டிய காலணி, செருப்பைச் சேறு விழுங்கிவிடும். போகும் முன் அலை நேரத்தைப் பாருங்கள். காலையில் சீக்கிரமே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள், காட்டுக்குள் நாசி லெமாக் கடை கிடையாது.

என் முதல் மண் பாட்டில் இன்னும் அடுக்களைச் சன்னலில் நிற்கிறது. அம்மா ஒருநாள் அதை ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'மண். தொடாதீர்கள்.'